கொல்லாத அம்பு

ஏழு கடல் ஏழு மலையெல்லாம் வேண்டாம், ஒரே ஒரு கடலைத் தாண்டினா போதும், கண்ணுக்கு எட்டின வரைக்கும் புல்லுக்காடா ஒரு சீமை கெடக்கு. அங்க மசாய் சனங்க ஒரு ஊர்ல மாடு மேய்ச்சுக்கிட்டு இருந்தாங்களாம். அந்த ஊரு ஓரத்துல சிரோங்கான்னு ஒரு கொல்லன் இருந்தானாம். ஊருக்கு நடுவுல ஏன் இல்லைன்னு கேக்குறியா? சொல்றேன், வாயை மூடிக்கிட்டுக் கேளு.

சிரோங்கா அடிக்காத ஆயுதம் அந்த ஊர்ல கெடையாது. ஆத்து ஓரத்துல கறுப்பு மணலா பாத்து அள்ளிட்டு வந்து உருக்கி இரும்பாக்குவான். அவன் பொண்டாட்டி நைசியே ஆட்டுத்தோல் துருத்தியை அமுக்க அமுக்க, அவன் காய்ச்சுவான், அடிப்பான், மறுபடி காய்ச்சுவான். வாள் அடிச்சு முடிச்சா முழங்கால்ல வச்சு அமுக்கிப் பாப்பான். வளையணும், விட்டா நேரா நிக்கணும். நிக்கலைன்னா திரும்ப நெருப்புலதான். "சிங்கத்துக்கு முன்னால நிக்கிறவன் உசுரு என் சுத்தியல்ல இருக்கு"ன்னு சொல்லுவான். திமிருதான். வேலை தெரிஞ்சவனுக்குக் கொஞ்சம் திமிரு இருந்துட்டுப் போகட்டுமே.

ஆனா அந்த ஊர்ல ஒரு வழக்கம் இருந்துச்சு. கொல்லன் கை பட்டது ஆகாதாம், அதான் அவனை ஊரு ஓரத்துல வச்சிருந்தாங்க. அவன்கிட்ட ஆயுதம் வாங்கினா, தீட்டு ஒட்டாம இருக்கக் கையில கொழுப்பைத் தடவிக்கிட்டுத்தான் வாங்குவாங்க. வாள் வேணும், வாளை அடிச்ச கை வேண்டாம். இது எந்த ஊரு நியாயமோ, எனக்குத் தெரியலை.

சரி, சிரோங்காவுக்கு ரொம்பப் பெருமை எதுலன்னு நெனைக்கிற? வாள்ல இல்லை, ஈட்டியில இல்லை, கொல்லாத அம்புல. சிரிக்காத. மழை பொய்ச்சுப் பாலு வத்திப்போச்சுன்னா, மாட்டோட கழுத்து நரம்புல சின்ன அம்பை விட்டு, ஒரு குடுவை ரத்தம் புடிச்சுக் குடிச்சுத்தான் அந்தச் சனம் உசுரு பொழைக்கும். புடிச்சதும் காயத்தை அமுக்கி விட்டா, மாடு பாட்டுக்கு மேயப் போயிரும். அந்த அம்பு நகக்கண் ஆழத்துக்கு மேல போகக் கூடாது இல்லையா? அதுக்காக முனைக்குக் கீழ மரத்துல ஒரு வளையம் கடைஞ்சு மாட்டி, நரம்பால இறுக்கிக் கட்டியிருப்பான். அதுக்கு மேல அம்பு இம்மியும் எறங்காது. "கொல்லறதுக்கு எவனும் அடிப்பான், கொல்லாம இருக்கறதுக்கு அடிக்கத்தான் கை வேணும்"பான்.

அப்புறம் ஒரு வருசம் மழையே இல்லை. அந்த ஊர்ல லேகிஷோன்னு ஒரு பணக்காரன், மந்தை மந்தையா மாடு, வாயைத் தொறந்தா பெருமை. அவன் வந்து ரத்த அம்பு கேட்டான். சிரோங்கா நீட்டினான். லேகிஷோன் எல்லாரும் பாக்கட்டும்னு கொழுப்பை அள்ளி உள்ளங்கையில தடவிக்கிட்டான், அது போதாதுன்னு அம்பு மேலயும் தடவினான், அதுவும் போதாதுன்னு முனையில இருந்து எறகு வரைக்கும் இன்னொரு தடவை வழிச்சுத் தேய்ச்சான்.

"உன் அழுக்கு எனக்கு ஒட்டிடக் கூடாது பாரு"ன்னான்.

சிரோங்கா ஒலைப் பக்கம் திரும்பி அடுத்த வேலையைப் பாத்தான்.

அப்புறம் என்னாச்சு? லேகிஷோன் அந்த அம்பால மாட்டுக்கு மாடு ஒரு குடுவை புடிச்சான், பத்தலை. மறுபடி புடிச்சான், பத்தலை. பேராசை புடிச்சவனுக்கு என்னைக்குப் பத்தியிருக்கு? "இந்த வளையம்தான் இடைஞ்சல்"னு கத்தியால அறுத்துத் தூர எறிஞ்சுட்டு, ஊரே கண்ணு வைக்கிற தன்னோட வெள்ளைக் காளை கழுத்துல வில்லை இழுத்து அம்பை விட்டான். அம்பு பாதி உள்ள போயிருச்சு. ரத்தம் நிக்கவே இல்லை. காளை முட்டி போட்டு விழுந்து, அப்படியே செத்துப்போச்சு.

நான்தான் கொன்னேன்னு சொன்னா ஊரு சிரிக்குமே. மரத்தடியில ஊரைக் கூட்டிட்டான்.

"கொல்லன் வளையமே இல்லாத அம்பைக் குடுத்து என் காளையைக் கொன்னுட்டான். அவன்கிட்ட இருக்குற ஒத்தைப் பசுவை எனக்குக் குடுக்கணும், ஒலையை அணைச்சுட்டு ஊரை விட்டுப் போகணும்."

நைசியே புருசன் காதுல, "பசுவைக் குடுத்துட்டு வேற ஊரு பாத்துப் போயிரலாம், நமக்கு யாரு இருக்கா பேச?"ன்னு அழுதா.

"பசு போனா போகட்டும் புள்ள. என் அம்பு கொன்னுச்சுங்கற பேரைத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்குப் போறது?"ன்னு சிரோங்கா எந்திரிச்சான். ஊருப் பெரியவரு கோய்னெட் பக்கம் திரும்பினான்.

"பெரியவரே, இவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுப்பா."

"லேகிஷோன், என்கிட்ட அம்பு வாங்கறப்போ கொழுப்புத் தடவினீங்களா?"

"தடவாம? உன் கை பட்டதைச் சும்மா தொடுவேனா?"

"கையில மட்டுமா, அம்புலயுமா?"

"அம்புலயும்தான். முனையில இருந்து எறகு வரைக்கும் ஒரு விரக்கடை விடாம தேய்ச்சேன். ஊரே பாத்துச்சு, கேட்டுப் பாரு."

"ஆமா, பாத்தோம்"னு ஊரும் சொல்லுச்சு.

"அப்படின்னா அந்த அம்பைப் பெரியவரு கையில குடுங்க."

கோய்னெட் வாங்கி வெயில்ல திருப்பிப் பாத்தாரு. கொழுப்பு ஊறி அம்புக் கம்பு முழுக்கக் கறுத்துக் கெடக்கு. முனைக்குக் கீழ மட்டும் ஒரு வளையம் அளவுக்கு மரத்துல கொழுப்பே ஏறலை, ரத்தம் மட்டும் செவப்பா ஊறியிருக்கு, நரம்பு கட்டின தழும்போட. பெரியவரு அதைப் பக்கத்துல இருந்தவர்கிட்ட குடுத்தாரு, அவரு அடுத்தவர்கிட்ட குடுத்தாரு, கை மாறி கை மாறி லேகிஷோன்கிட்டயே வந்து நின்னுச்சு.

"நீ தேய்ச்சப்போ இந்த எடத்துல மட்டும் கொழுப்பு ஏன்டா ஒட்டலை?"ன்னு பெரியவரு கேட்டாரு.

லேகிஷோன் அம்பை முதுகுக்குப் பின்னால ஒளிச்சான்.

"அப்போ அங்க வளையம் மூடியிருந்துச்சு. அதை அறுத்தது நீ, கொன்னது நீ, பழி இவனுக்கா? உன் மந்தையில நல்ல கெடேரியா ஒண்ணை இவன் தொழுவத்துல நீயே கொண்டுபோய்க் கட்டு"ன்னு தீர்ப்புச் சொல்லிட்டாரு. லேகிஷோன் தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு, எல்லாரும் பாக்க, கயித்தைப் புடிச்சு இழுத்துட்டுப் போய்க் கட்டினான்.

கட்டிட்டும் போகலை. அங்கயே நின்னான். வீட்டுல புள்ளைங்க பசியில கெடக்கு, இருந்த அம்பும் பாழாப்போச்சு, புது அம்பு கேக்கவும் வாய் வரலை.

சிரோங்கா அவனை ஏற எறங்கப் பாத்தான். நைசியேகிட்ட, "துருத்தியை அமுக்கு"ன்னான்.

"இவனுக்கா?"ன்னு அவ கேட்டா.

"இவன் மாட்டுக்கு. வளையம் இல்லாத அம்பு அதைக் கொன்னுரும், அது என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு சொல்லிட்டு, இரும்பை எடுத்து நெருப்புல வச்சான்.

அவ்வளவுதான் கதை. பொய் சொன்னவன் வாசல்ல நின்னான், வேலை தெரிஞ்சவன் சுத்தியலை எடுத்தான். கண்ணை மூடு.