நடுவில் கிழித்த தாள்கள்

நாச்சிமுத்து கோயம்புத்தூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். ஒரு நூல் பிசகினாலும் செய்த பொருளைத் தூக்கிப் பழைய இரும்போடு போட்டுவிடுகிற ஆள். அப்படிப்பட்டவர் ஐம்பது வயதுக்கு மேல் ஆசைப்பட்டு ரைபிள் கிளப்பில் சேர்ந்ததுதான் வினையாகிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை, அப்போதுதான் சுட்ட இலக்குத் தாளோடு பயிற்சியாளர் ஜெயசீலியின் முன்னால் போய் நின்றார். ஜெயசீலி போலீஸ் அணிக்காகப் பல வருடம் சுட்டவர். வயதில் மிகவும் சின்னவர்தான். ஆனாலும் நாச்சிமுத்துவுக்கு அவர்தான் குரு.

"மேடம், இன்னையோட நின்னுக்கறேனுங்க."

"ஏங்கண்ணா?"

தாளை விரித்துக் காட்டினார். ஐம்பது மீட்டர் தூரத்தில் பத்துக் குண்டு. ஒரு சாஸர் அகலத்துக்கு ஓட்டைகள் இறைந்து கிடந்தன.

"சேர்ந்ததுல இருந்து இதே சாஸர்தானுங்க. நம்ம கிளப் தேவசகாயம் சார் ஒரு ரூபாக் காசுக்குள்ள மூணு குண்டு வைக்கறாரு. அந்த இடத்தை மட்டும் கிழிச்ச தாள் துண்டைப் பர்ஸ்ல வெச்சுக் காட்டறாரு. கேன்டீன்ல பாத்தா எல்லார்கிட்டயும் அப்படி ஒண்ணு இருக்குதுங்க. எனக்கு மட்டும் ஏனுங்க கை வரமாட்டேங்குது?"

"துப்பாக்கி எப்படி?"

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நான் அதைக் குறை சொல்ல மாட்டேனுங்க."

வாரம் முழுக்கப் பட்டறை இரைச்சலில் கிடக்கிறவருக்கு, துப்பாக்கியின் குறிக்கம்பி நுனியைப் பார்த்து மூச்சை மெல்ல விடுகிற இந்த ஒரு காலைதான் நிம்மதி. அதை விட்டுப் போக மனசே இல்லை. ஆனால் தகுதியில்லாத இடத்தில் உட்கார்ந்திருப்பதும் அவருக்குப் பழக்கமில்லை.

நாச்சிமுத்து சுட்ட அதே துப்பாக்கியை ஜெயசீலி எடுத்தார். மணல் மூட்டையை இழுத்துப் போட்டு, அதன்மேல் வைத்துப் படுத்துக்கொண்டார். தொலைநோக்கி எதுவும் கிடையாது. குறி பார்க்கக் குழல்மேல் பின்னால் ஒரு பள்ளம், முன்னால் ஒரு இரும்புக் கம்பி, அவ்வளவுதான். அவசரமே படாமல் பத்துக் குண்டு சுட்டார். பிறகு துப்பாக்கியைக் காலி செய்து கீழே வைத்துவிட்டு, தாளை எடுக்கப் போகலாம் என்று தலையசைத்தார்.

நாச்சிமுத்து ஓடாத குறையாகப் போய்த் தாளை எடுத்துவந்தார்.

"மேடம், இது டீ டம்ளர் வாய் அகலம் இருக்குதுங்களே."

"ஆமா."

"மூட்டை மேல வெச்சுமா?"

"மூட்டை மேல வெச்சும்தான்."

"அப்பத் துப்பாக்கி கெட்டுப்போச்சுங்களா?"

"நல்ல துப்பாக்கி. குண்டும் மோசமில்ல. நானும் இன்னைக்கு நல்லாவே சுட்டேன். முன்னால இருக்கற கம்பியப் பாத்தீங்கல்ல? இங்க இருந்து பாத்தா தாள்ல இருக்கற கறுப்பு வட்டத்தோட அகலத்துக்கே அது தெரியும். அதை வெச்சுக்கிட்டு ஊசி முனையைத் தேடினா கிடைக்குமா?"

"அப்ப அந்த ஒரு ரூபா?"

"வாங்க."

கேன்டீனுக்குப் பின்னால் கூட்டிப் போனார். அந்த கிளப்பில் துப்பாக்கியால் சுடுகிறவர்களைவிட வாயாலேயே வடை சுடுகிறவர்கள் அதிகம். எல்லாருக்கும் தெரிந்த இந்தச் சங்கதி நாச்சிமுத்துவுக்கு மட்டும் தெரியாது, பாவம். ஜெயசீலி அங்கிருந்த குப்பைத் தொட்டியைத் தரையில் கவிழ்த்தார்.

எல்லாம் சுட்ட தாள்கள். ஒவ்வொன்றிலும் நடுவில் ஒரு துண்டு கிழித்து எடுக்கப்பட்டிருந்தது. கிழிந்த இடத்தைச் சுற்றி மற்ற ஓட்டைகள் அப்படியே இருந்தன. சிலவற்றில் சாஸர் அகலம். சிலவற்றில் சாப்பாட்டுத் தட்டு அகலம்.

நாச்சிமுத்து குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒரு தாளின் மூலையில் தேவசகாயத்தின் கையெழுத்து இருந்தது.

"பொய்யா சொல்றாங்க மேடம்?"

"பொய் இல்லண்ணா. அந்த மூணும் அவங்க சுட்டதுதான். தாள்ல மிச்சம் இருக்கற இந்த ஏழும் அவங்க சுட்டதுதான்."

அவருக்கு முதலில் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளும் தன் கையைத் தானே திட்டிக்கொண்டு வீடு திரும்பிய ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. குப்பையை மறுபடி தொட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. அவரும் உட்கார்ந்து கூட அள்ளிப் போட்டார்.

"அப்ப என் சாஸர் தப்பில்லீங்களா?"

ஜெயசீலி கையைத் துடைத்துக்கொண்டு, தன்னுடைய தாளை அவர் தாளின் மேல் வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தார்.

"டம்ளர் வரைக்கும் தப்பில்ல. அது துப்பாக்கி, குண்டு, கம்பி, கண்ணு எல்லாத்துக்கும் சேர்ந்தது. அதுக்கு வெளிய விழுந்திருக்கு பாருங்க, அதுதான் உங்களோடது."

நாச்சிமுத்து உற்றுப் பார்த்தார்.

"நாலுதானுங்க இருக்குது."

"நாலுதான். உங்க வேலை அவ்வளவுதான்."

நாச்சிமுத்து எழுந்து நின்று, நிஜமாகவே கைகூப்பினார்.

"ரொம்ப நன்றிங்க மேடம். நான் பாட்டுக்கு இதை விட்டுட்டுப் போயிருப்பேனுங்க."

"நன்றி நான்தாண்ணா சொல்லணும்."

"நீங்களா? எனக்கு எதுக்குங்க?"

"முழுத் தாளைக் கொண்டுவந்து என்கிட்ட காட்டினது இங்க நீங்க ஒருத்தர்தான். நீங்களும் போயிட்டா, குறி தப்பாதவங்க மட்டும்தான் மிச்சம் இருப்பாங்க. அப்புறம் எனக்கு இங்க என்னண்ணா வேலை?"