ஆமா போட்ட மாசானமுத்து

வில்லுப்பாட்டில் மாசானமுத்துவுக்கு ஒரே வேலைதான். புலவர் எதைப் பாடினாலும் பக்கத்தில் உட்கார்ந்து "ஆமா!" போட வேண்டும். அதற்கு மேல் அவன் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்லை.

சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழா. கதை சூடு பிடிக்கிற நேரத்தில் கமிட்டித் தலைவர் கொம்பையா கையைக் காட்டிப் பாட்டை நிறுத்தினார். கழுத்தில் பெரிய மாலை. அவரே வாங்கி அவரே போட்டுக்கொண்டது.

"வே புலவரே! மாடன் மலையாளத்துக் கோட்டைக்குள்ள போனப்போ எங்க தாத்தாவும் கூடப் போனாரு. அதையும் சேர்த்துப் பாடும். இல்லேன்னா வில்லை அவுத்துட்டுக் கிளம்பும்."

புலவர் கூட்டத்தையும் கொம்பையாவையும் மாறி மாறிப் பார்த்தார். சேர்த்தால் ஊர் விடாது, சேர்க்காவிட்டால் இவர் விடமாட்டார்.

மாசானமுத்து எழுந்தான். "ஆமா! பாடிருவோம் அண்ணாச்சி. மாடன்கூடப் போனவருன்னா தாத்தாவும் சாமிதானே? சாமின்னா வம்சத்துல ஒருத்தர் மேல இறங்கணும். மூத்த பேரன் நீங்கதான். சாமியாடி போற வழக்கப்படி இன்னைக்கு நடுச்சாமத்துல தீப்பந்தத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தனியா சுடுகாட்டு வேட்டைக்குப் போயிட்டு வந்துருங்க."

பெண்கள் குலவையிட்டார்கள். ஒருவன் பந்தத்தை எண்ணெயில் முக்கியே விட்டான்.

கொம்பையா மெதுவாக மாலையைக் கழற்றினார்.

"இப்பத்தான் ஞாபகம் வருது வே. எங்க தாத்தா அப்போ ஊருலயே இல்ல. கொழும்புல கடை வச்சிருந்தாரு."

மாசானமுத்து உட்கார்ந்து தன் வேலையைப் பார்த்தான்.

"ஆமா!"