பதிமூன்றாவது முயல்

உடலிலிருந்து எடுத்த முயலின் இதயம், இளஞ்சூடான உப்புநீர் ஊட்டித் தொங்கவிட்டால், சில மணி நேரம் தானாகத் துடிக்கும். அதோடு ஒட்டிய நரம்பை மின்சாரத்தால் தூண்டினால் நரம்பு நுனியிலிருந்து நார்அட்ரினலின் கசியும், துடிப்பு வேகமெடுக்கும். வடியும் நீரைச் சோதனைக் குழாய்களில் பிடித்து, கசிந்தது எவ்வளவு என்று அளப்பார்கள். குழாயில் முன்கூட்டியே சிறிது அமிலம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அளப்பதற்குள் நார்அட்ரினலின் சிதைந்துவிடும்.

ஒரு மருத்துவக் கல்லூரியில் பொற்கொடி என்ற ஆய்வு மாணவி பன்னிரண்டு முயல்களில் இதைச் செய்தாள். முதல் வாரம் ஆறு, மருந்தில்லாமல். அடுத்த வாரம் ஆறு, புது மருந்தோடு. மருந்து கலந்த இதயங்களில் கசிவு பாதியாகத் தெரிந்தது. தூண்டியபோது துடிப்பு முதல் வாரம் 160இலிருந்து 220க்கு ஏறியது, இரண்டாம் வாரமும் அப்படியே என்று குறிப்பேட்டில் எழுதி வைத்தாள்.

ஆய்வேடு கொடுக்க ஒரு மாதம் இருக்கையில் அவளும் அவள் வழிகாட்டியும் இருந்த அறைக்கு ஆய்வக உதவியாளர் லூர்துசாமி வந்து நின்றார்.

"அமிலம் பட்டு கை கொப்பளிச்சிருச்சும்மா. ரெண்டாவது வாரம் முன்னாடி ஊத்தல. சாயங்காலம் மொத்தமா ஊத்திட்டேன்."

"இப்ப வந்து சொல்றீங்களேண்ணே!"

வழிகாட்டிப் பேராசிரியர் தணிகாசலம் எழுந்து கதவைச் சாத்தினார். "இது நம்ம மூணு பேரோட போகட்டும். செத்தது செத்ததுதான். இன்னும் ஆறைக் கொல்லணுமா?"

"இந்த மருந்த நாளைக்கு மனுஷங்களுக்குக் குடுப்பாங்களே சார்."

"அப்ப குழுவுக்கு எழுது. கத்தியையும் நீயே பிடி."

எழுதினாள். விலங்குச் சோதனைக்கு அனுமதி தரும் அந்தக் குழுவில் நானும் இருந்தேன். கடிதத்தோடு குறிப்பேட்டின் நகலும் வந்தது. அவள் நேர்மையைப் பாராட்டிவிட்டு, பத்து நிமிடத்தில் இன்னும் ஆறு முயல்களுக்குக் கையெழுத்திட்டோம்.

ஆறும் செத்தன. மருந்து கசிவைக் குறைக்கவே இல்லை.

தாமதமாகச் சொன்னவர், மறைக்கச் சொன்னவர், மறுபடி கொன்றவள், கையெழுத்திட்டவன். கடைசி ஆறு உயிருக்கு இவர்களில் யார் பொறுப்பு?

விடை: நான். கசிவு உண்மையிலேயே பாதியாகியிருந்தால் துடிப்பு அதே அளவுக்கு ஏறியிருக்காது. மருந்து பலிக்கவில்லை என்பதை அந்த இதயங்களே காட்டிவிட்டன. பதிமூன்றாவது முயலைத் தொட்டிருக்கவே வேண்டாம். பொற்கொடி பயத்தில் இருந்தாள், தன் கையால் எழுதியதும் கண்ணில் படவில்லை. எனக்கு என்ன பயம்? படித்துப் பார்ப்பதற்காகத்தான் என்னை அங்கே உட்கார வைத்திருந்தார்கள். குறிப்பேட்டைப் படித்தேன், பதினெட்டாவதும் செத்த பிறகு.