ஏரில் பூட்டிய படைக்குதிரை

“இது அக்கிரமம், தாயே” என்றான் அந்துவன்.

மலைப்பள்ளியின் கல்தரையை மயிற்பீலியால் கூட்டிக்கொண்டிருந்த சமணப் பெண்துறவி இளநேமிக் குரத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

அந்துவனுக்கு வயது ஐம்பத்திரண்டு. இருபத்தைந்து ஆண்டுகள் அரசனின் குதிரைப்படையில் இருந்தவன். ஒருநாள் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு, மன அமைதி தேடி இந்தக் குன்றுக்கு வந்து சேர்ந்தான். வந்து ஏழு மாதம் ஆகிறது. குரத்திக்கு முப்பதுகூட இருக்காது. அவன் மூத்த மகளைவிட இளையவள். ஆனாலும் அவள் எதிரில் அவன் இதுவரை உட்கார்ந்ததில்லை.

“எது அக்கிரமம்?”

“கீழே ஊரில் நல்லந்தை என்றொரு பெண். குதிரையை ஏரில் பூட்டி உழுகிறாள்.”

“கோடையில் வந்த நோயில் ஊர் மாடெல்லாம் மாண்டு போயின. மிஞ்சியது அது ஒன்றுதான்.”

“அது சாதாரணக் குதிரை இல்லை, தாயே. தொடையில் அரண்மனை முத்திரைச் சூடு இருக்கிறது. காயம்பட்டதென்று வழியில் விட்டுப் போயிருப்பார்கள். யானைக்கு எதிரே நின்ற குதிரை! அதன் முதுகில் எருக்கூடை!”

“குதிரை என்ன சொன்னது?”

“குதிரை எப்படிச் சொல்லும்?”

“சொல்லாதது உங்களுக்கு மட்டும் எப்படிக் கேட்டது?”

அவனுக்கு முகம் சிவந்தது. குன்றைவிட்டு இறங்கினான்.

முதல் நாள்தான் மழை பெய்திருந்தது. ஊரின் ஏழு வீட்டுப் புன்செய்யும் அந்த ஒற்றை ஏரை நம்பி விதைப்புக்குக் காத்துக் கிடந்தது. நல்லந்தை வரப்பில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தாள். ஏரிலிருந்து அவிழ்த்துவிட்ட குதிரை சற்றுத் தள்ளிப் புல் மேய்ந்துகொண்டிருந்தது. சிவந்த நிறம். செவலை என்று கூப்பிடுவார்கள்.

அந்துவன் அதன் கழுத்தைத் தடவினான். தாவி ஏறினான். செவலை ஒரு காதைத் திருப்பியதே தவிர, மறுக்கவில்லை.

‘பார், மறக்கவில்லை’ என்று அவன் நெஞ்சு விம்மியது.

குதிகாலால் விலாவில் இடித்து, போர்க்களத்தில் பாய்ச்சலுக்குக் கொடுக்கும் கூவலை அடிவயிற்றிலிருந்து கூவினான்.

செவலை விறைத்தது.

அதன் தோல் முழுக்க நடுங்குவது அவன் தொடைகளுக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே மூத்திரம் போனது. அடுத்த கணம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அது பாய்ச்சல் இல்லை. முள்ளையும் பள்ளத்தையும் பாராமல், எதனிடமிருந்தோ தப்பி ஓடும் ஓட்டம். முன்னங்கால் ஒரு எலிவளைக்குள் இறங்க, இருவரும் உருண்டார்கள்.

அந்துவன் எழுந்தான். செவலையும் எழுந்தது, மூன்று காலில்.

நல்லந்தை ஓடிவந்தாள். அவனை ஏறிட்டும் பார்க்கவில்லை. குதிரையின் முகத்தைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்.

“ஒன்றுமில்லையடா. ஒன்றுமில்லை. இங்கே யாரும் இல்லை. நான்தான் இருக்கிறேன்.”

நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பிறகு காலைத் தொட்டுப் பார்த்தாள்.

“எலும்பு முறியவில்லை. ஆனால் ஒரு மாதம் கால் ஊன்றாது.”

“அது… பயந்துவிட்டது” என்றான் அந்துவன்.

“வந்த புதிதில் இடி இடித்தாலே இப்படித்தான் நடுங்கும், சேவகரே. இரண்டு வருஷம் கூடவே நடந்து மறக்க வைத்தேன்.” உழாமல் கிடந்த நிலத்தை அவள் பார்த்தாள். “ஈரம் இன்னும் நாலு நாள் நிற்கும். மண்வெட்டியால் கொத்தினால் இரண்டு வயல்கூட முடியாது. ஏழு வீட்டுக்கும் நான் என்ன சொல்வேன்?”

அவன் குன்றேறி வந்து குரத்தியின் முன் தலை கவிழ்ந்து நின்றான். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னான்.

“பாவம் செய்துவிட்டேன், தாயே. கழுவாய் சொல்லுங்கள். எத்தனை நாள் நோன்பிருக்கட்டும்?”

“மண்ணில் ஈரம் எத்தனை நாள் இருக்கும்?”

“நாலு நாள் என்கிறாள்.”

“அப்படியானால் நன்றாகச் சாப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு, குரத்தி பீலியை எடுத்துக்கொண்டு குகைக்குள் போய்விட்டாள்.



மறுநாள் விடிந்ததும், அந்துவன் ஏர்க்கயிற்றைத் தன் மார்பில் மாட்டிக்கொண்டு முதல் வயலில் நின்றிருந்தான்.

ஊரார் கூடிவிட்டார்கள். ஒருவன் சிரித்தான். “அரண்மனைச் சேவகர் கனைப்பாரா?”

அந்துவன் கயிற்றை இறுக்கினான். “யாராவது மேழியைப் பிடியுங்கள்” என்றான்.

முதல் உழவுசாலில் ஏரின் கொழுமுனை கல்லில் மாட்ட, முகங்குப்புற விழுந்தான். எழுந்து இழுத்தான். மறுபடி விழுந்தான். உச்சிவேளையில் தோளில் தோல் உரிந்து ரத்தம் கசிந்தது. சிரித்தவன் அப்போது சிரிக்கவில்லை. ஓடிப்போய் இன்னொரு கயிறு கொண்டுவந்து பக்கத்தில் பூட்டிக்கொண்டான். அன்று மாலை ஒரு வயல் முடிந்தது. அடுத்த நாள் ஐந்து பேர் தோள் கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் முடிவில் ஆறு வயல்கள் உழுதாகிவிட்டன. நல்லந்தை இத்தனை நாளும் செவலையின் காலுக்குப் பச்சிலை அரைத்துக் கட்டிக்கொண்டு கொட்டிலிலேயே கிடந்தாள். அவள் வயல்தான் பாக்கி.

நாலாம் நாள் மற்றவர்கள் அவரவர் வயலில் வரகு விதைக்கப் போய்விட்டார்கள். அந்துவன் தனியாக இழுக்க வந்தான். நல்லந்தை மேழி பிடித்தாள். பூட்டுமுன், பழந்துணியை மடித்து அவன் தோளுக்கும் கயிற்றுக்கும் நடுவே வைத்தாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. மண்ணின் மேல் நிறம் வெளுக்கத் தொடங்கியிருந்தது.

முதல் சால் முடிந்தது. அந்துவன் திரும்பி அடுத்த சாலுக்கு இழுத்தான். கலப்பை அசையவில்லை. நல்லந்தை அதை மண்ணில் ஊன்றிவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“ஏன் நின்றுவிட்டாய், அம்மா?”

“மூச்சு வாங்குகிறீர்களே.”

“பரவாயில்லை. நேரம் போகிறது.”

“சால் முடிந்தால் பத்து மூச்சு நிற்பது வழக்கம்.”

“யார் வழக்கம்?”

“செவலையின் வழக்கம்தான். முதன்முதல் பூட்டிய அன்று, சால் முடிவில் நின்றுவிட்டது. எனக்கு அடிக்கக் கை வரவில்லை. சும்மா நின்று அதன் மூச்சை எண்ணினேன். பத்தாவது மூச்சில் தானாக நடந்தது.”

அந்துவன் நின்றான். தன் மூச்சு தனக்கே கேட்டது. ஒன்று. இரண்டு. மூன்று.

நான்காவதை எண்ணவில்லை. கயிற்றோடு அப்படியே உழுத மண்ணில் உட்கார்ந்தான்.

“தோள் வலிக்கிறதா, ஐயா?”

அவன் இல்லையென்று தலையாட்டினான்.

“என் கீழே பதினோரு குதிரைகள் செத்தன” என்றான். “ஒவ்வொன்றும் எங்கோ ஓரிடத்தில் நின்றது, அம்மா. நான்தான் குத்தி ஓட்டினேன்.”

அவன் அழுது தீர்க்கட்டும் என்று மேழியில் கை வைத்தபடி நின்றாள்.

“பத்து ஆகிவிட்டதா?” என்று கேட்டான் கடைசியில்.

“எப்போதோ ஆகிவிட்டது.”

“மண் காய்கிறதே, அம்மா.”

“காயட்டும்” என்றாள் நல்லந்தை. “நீங்கள் நடக்கும்போது நடக்கலாம்.”