ஆமையாரிடம் சொன்ன இடம்

ஈச்சங்காட்டுக் குட்டையில் யார் தண்ணீர் குடிக்க இறங்கினாலும், ஒரு காதைச் செம்மூக்கியின் பக்கம் வைத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். செம்மூக்கி ஓர் ஆள்காட்டிக் குருவி. புதருக்குள் சிறுத்தையின் வால் நுனி அசைந்தால் போதும், வானத்துக்கும் பூமிக்கும் குதித்துக் கத்தித் தீர்த்துவிடுவாள். மான்கள் பாயும், முயல்கள் பதுங்கும், சிறுத்தை வெறும் வயிற்றோடு திரும்பிப் போகும்.

ஊருக்கெல்லாம் கத்துகிறவள் தன் வீடு எங்கே என்று மட்டும் மூச்சு விட மாட்டாள். ஆள்காட்டிக்கு மரத்தில் கூடு கிடையாது. பொட்டல் தரையில் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிடும். முட்டையும் பார்ப்பதற்குக் கல் மாதிரியே இருக்கும். அது இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது என்பதுதான் அந்த வீட்டுக்குக் கதவும் தாழ்ப்பாளும். அதனால் செம்மூக்கி ஒரு நாளும் நேராக வீட்டுக்குப் போனதில்லை. தெற்கே போக வேண்டுமானால் வடக்கே போய் இறங்குவாள். சும்மா இரை பொறுக்குகிற மாதிரி நடப்பாள், நிற்பாள், வேறு பக்கம் திரும்புவாள். கடைசியில்தான் முட்டைமேல் போய் உட்காருவாள். அவளைப் பெற்றவளும் அப்படித்தான் நடந்தாள்.

அந்தக் கோடையில் ஒரு விபரீதம் நடந்தது. அந்தக் காட்டில் கரிச்சான் என்று ஒரு கறுப்புக் குருவி இருந்தான். எந்தப் பறவையின் குரலும் அவன் தொண்டைக்கு வரும். மழை பெய்த மறுநாள் மைனாக்கள் கூட்டமாக ஈசல் தின்றுகொண்டிருந்தன. கரிச்சானுக்கு நாக்கு ஊறியது. மரத்துக்குப் பின்னால் மறைந்துகொண்டு, செம்மூக்கியின் குரலில் "சிறுத்தை! சிறுத்தை!" என்று கத்தினான். மைனாக்கள் பறந்து போக, அவன் வயிறு முட்டத் தின்றான்.

அதோடு போயிருந்தால் குறும்பு என்று விட்டிருக்கலாம். அதே குரலைக் கேட்டு மான்கூட்டமும் தலைதெறிக்க ஓடியது. வெண்காலி என்ற மானின் குட்டி பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து, அங்கேயே செத்துப்போனது.

குட்டைக் கரையில் சபை கூடியது. கத்தியது கரிச்சான்தான் என்று அதற்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வெண்காலி வாய்விட்டு அழுதாள். செம்மூக்கிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஒரு குட்டி செத்தது ஒரு பக்கம், செத்தது தன் குரலால் என்பது இன்னொரு பக்கம். இனிமேல் கண்டவர் கத்தக் கூடாது, கத்துகிறவர் யார் என்று தெரிய வேண்டும் என்று முதலில் சொன்னவளே அவள்தான்.

இதற்குத்தான் காத்திருந்தவர் போல நரியார் எழுந்தார். நடந்தது நடந்துவிட்டது, இனி நடக்காமல் பார்ப்போம் என்று தேன் ஒழுகப் பேசினார். அவர் சொன்ன ஏற்பாடு இதுதான். ஊருக்கு எச்சரிக்கை சொல்ல விரும்புகிறவர்கள் ஆமையாரிடம் போய்த் தங்கள் கூடு எங்கே என்று சொல்ல வேண்டும். சொன்னவர்களுக்கு ஆமையார் மார்பில் செம்மண் பூசி விடுவார். செம்மண் பூசியவர் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்று கத்தினால்தான் அது எச்சரிக்கை. மற்றவர் குரலை யாரும் காதில் போட்டுக்கொள்ளத் தேவையில்லை. ஆமையார் கேட்டதை வெளியே விட மாட்டார். சபை கேட்டால் மட்டும் சொல்வார்.

ஆமையார்மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை, புறம் பேசியும் கேட்டதில்லை. சபை என்றால் நாளைக்கு யார் யார் என்று கேட்கத்தான் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கரிச்சான் மட்டும் கிளையிலிருந்து தலையை நீட்டினான். "நான் செஞ்சது தப்புதான். என்னை அடிங்க, வாங்கிக்கறேன். ஆனா கூடு இருக்கிற கிளையைச் சொல்லச் சொல்லாதீங்க."

"ஒளிக்க ஒண்ணும் இல்லாதவனுக்கு எதுக்குடா பயம்?" என்றார் நரியார். சபை முழுக்கக் கரிச்சானைப் பார்த்துக் காறித் துப்பியது. அவன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

அன்று செம்மூக்கியின் புருஷன் அவளைத் தடுத்துப் பார்த்தான். நாம் சுற்றிச் சுற்றி நடப்பது எதற்காக என்று மறந்துபோயிற்றா என்று கேட்டான். "திருட்டுக் குரல்காரன்தான் பயப்படணும்," என்றாள் அவள். "நமக்கென்ன? ஆமையார் காதோட போயிடும்."

அவளே நடந்து போனாள். ஒற்றை ஈச்ச மரத்துக்குத் தெற்கே, வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில், நாலு முட்டை என்று சொன்னாள். ஆமையார் தலையாட்டிக் கேட்டுக்கொண்டு செம்மண் பூசி விட்டார். கறுத்த மார்பில் அந்தச் சிவப்பு நன்றாக எடுத்துக் காட்டியது. செம்மூக்கிக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு ஒரு விடியற்காலையில், நாணல் வழியாகச் சிறுத்தை வருவதைச் செம்மூக்கி பார்த்தாள். அதற்கு முன்னால் வழி காட்டிக்கொண்டு நரியார் வந்தார். மிச்சம் மீதியில் தமக்கும் பங்கு உண்டென்று பேசி வைத்திருப்பார் போலும். செம்மூக்கி யோசிக்கவே இல்லை. கரையில் இருந்த பெரிய பாறை மேல் ஏறி நின்று, கண்டதைக் கண்டபடி கத்தினாள்.

"சிறுத்தை வருது! நரி கூட்டிட்டு வருது!"

மான்கள் தப்பின. தப்பி வந்த வெண்காலி அவளுக்கு எதிரே வந்து நின்று, கண் கலங்கினாள். நரியைப் பற்றிச் சொன்னதை மற்றவர்கள் பாதி நம்பினார்கள், பாதி நம்பவில்லை.

மறுநாள் செம்மூக்கி கரையோரம் இரை பொறுக்கிக்கொண்டிருந்தபோது நரியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கோபமே இல்லை. குளிர்ந்த குரலில் நலம் விசாரித்தார்.

"நாலும் நல்லா இருக்கா தாயி? வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்துல வெயில் கொஞ்சம் அதிகம்தான். நீ இங்க நின்னு கத்துற நேரத்துல அங்க காவலுக்கு யாரு இருக்கா?"

அவ்வளவுதான் சொன்னார். எழுந்து போய்விட்டார்.

செம்மூக்கி பொறுக்கிய இரையை அப்படியே போட்டாள். நேரே ஆமையாரிடம் ஓடினாள். யாரிடமும் சொல்ல மாட்டீர்கள் என்று நம்பித்தானே உங்களிடம் சொன்னேன் என்று அழுதாள்.

"நான் யாருக்கும் சும்மா சொல்லலையேம்மா," என்றார் ஆமையார். அவர் முகத்தில் சூதே இல்லை. "சபை கேட்டுது, சொன்னேன். அதானே ஏற்பாடு?"

"சபைன்னா யாரு வந்தா?"

"நரிதான் வந்தாரு. இப்பல்லாம் வேற யாரும் சபைக்கு வர்றதில்லையே."

சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடியுமா என்று கேட்டாள். கேட்டதை எப்படி மறப்பது என்று ஆமையார் பாவம் போல விழித்தார். முட்டைகளை வேறு இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக அவளுக்குக் கையா இருக்கிறது? அன்றைக்கு முதல்முறையாக அவள் நேராக வீட்டுக்கு நடந்தாள். இனிச் சுற்றிப் போய் என்ன பயன்?

அடுத்த முறை சிறுத்தை மாலை வெயிலில் வந்தது. நரியார்தான் கூட்டி வந்தார். செம்மூக்கி பாறைமேல்தான் நின்றிருந்தாள், நன்றாகப் பார்த்தாள். கத்தல் தொண்டை வரைக்கும் வந்தது. நரியார் அவளை ஒருமுறை பார்த்தார். பிறகு ஒற்றை ஈச்ச மரம் இருந்த திசையைப் பார்த்தார்.

செம்மூக்கி அலகைத் திறக்கவில்லை.

அவளுக்குப் பதிலாக மரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. கரிச்சானின் குரல்தான். இந்த முறை அவன் யார் குரலையும் திருடவில்லை, தன் சொந்தத் தொண்டையில் கதறினான். "ஓடுங்க! நிஜமா சொல்றேன், ஓடுங்க!"

மான்கள் தலையைத் தூக்கின. கரிச்சானின் மார்பில் செம்மண் இல்லை. உடனே எல்லா மான்களும் செம்மூக்கியைத் திரும்பிப் பார்த்தன. வெண்காலியும் பார்த்தாள். செம்மூக்கி சொல்லட்டும், நம்பலாம் என்று அவள் கண்ணில் எழுதியிருந்தது.

செம்மூக்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

மான்கள் மறுபடி தண்ணீரில் வாய் வைத்தன. கடைசியாக வாய் வைத்தவள் வெண்காலி. அவளைத்தான் சிறுத்தை பிடித்தது.

அதற்குப் பிறகு எல்லோரையும் வரவழைத்துக் கூட்டிய சபையில் நரியார் மகிழ்ச்சியோடு பேசினார். காடு எவ்வளவு அமைதியாகிவிட்டது பாருங்கள், ஒரு வதந்தி உண்டா, ஒரு கூச்சல் உண்டா என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. செம்மண் பூசிய ஒவ்வொருவர் கூடும் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

செம்மூக்கியின் நாலு முட்டைகளும் பொரிந்தன. குஞ்சுகள் பிறந்ததும் இயல்பாகவே வாயைத் திறந்து கத்தப் பார்த்தன. செம்மூக்கி அவற்றைச் சிறகுக்குள் இழுத்து அணைத்து, சத்தம் போடாமல் இருக்கப் பழக்கினாள். ஆள்காட்டி இனத்தில் இப்படிப் பழக்கிய முதல் தாய் அவள்தான். குட்டைக்குத் தண்ணீர் குடிக்க வருகிற மான்கள் இன்னமும் பழக்கத்தில் ஒரு காதை அவள் பக்கம் திருப்புகின்றன. அப்போதெல்லாம் அவள் வேறு பக்கம் பார்த்துக்கொள்கிறாள்.

நல்லவர் காதில்தானே சொல்கிறோம் என்று வீட்டின் இடத்தைக் கொடுத்துவிட்டால், அந்தக் காதைப் பிடித்துத் திருகத் தெரிந்தவன் ஒருநாள் நம் வாயையும் பூட்டிவிடுவான்.