மலைக்குப் பின்னால் ஒரு கடல்

என் கடைசி மகனுக்குப் புதுநன்மை, அதாவது முதல் நற்கருணை, கொடுத்த வருஷம், தவக்காலத்தில், கோயில் பீடத்துக்குப் பூ ஜோடிக்கும் கிளாரம்மா எனக்கு இதைச் சொன்னார்கள்.

கிழக்குக் கடற்கரை ஊர் ஒன்றில் கன்னியர் மடம். பிரகாசி மதர் அதற்குத் தலைவி. மடத்துப் பள்ளிக்கூடத்தில் அமலோற்பவம் சிஸ்டர் இரண்டாம் வகுப்பு டீச்சர்.

ஒருநாள் சிஸ்டர் பிள்ளைகள் வரைந்த தாள்களை அள்ளிக்கொண்டு மதரிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது.

"மதர், என்னைச் சமையலுக்கு மாத்திடுங்க. பிள்ளைகளைக் கெடுத்துட்டேன்."

"என்னாச்சு?"

"இஷ்டப்பட்டதை வரைங்கன்னேன். எல்லாத்துலயும் ரெண்டு மலை, நடுவுல சூரியன். நான் போர்டுல போட்டுக் காட்டினதுதான். இந்த ஊர்ல மலை ஏது மதர்?"

"உன் சமையலை நான் சாப்பிட்டிருக்கேன். நீ வகுப்புலயே இரு."

சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெக்ஸலின்னு ஒருத்தி. சுவரெல்லாம் கிறுக்கிக்கிட்டிருந்த பிள்ளை. இப்போ பென்சிலையே தொடமாட்டேங்கிறா. அவளை எப்படி வரைய வைக்கிறது?"

"அவகிட்ட ஒரு கேள்வி கேளு. உனக்கு விடை தெரியாத கேள்வியா இருக்கட்டும்."

விடை தெரியாததை டீச்சர் எப்படிக் கேட்பது? குழம்பிக்கொண்டே போய் ரெக்ஸலின் முன்னால் நின்றார் சிஸ்டர். ரெண்டும் மூணும் எத்தனை என்று வாய்க்கு வந்தது. உன்னைப் படைத்தவர் யார் என்று வந்தது. எதைத் தொட்டாலும் விடையும் கூடவே வந்து நின்றது. கடைசியில்,

"ஏம்மா வரையலை?" என்றார்.

"சூரியன் கடல்ல இருந்துதானே வரும் சிஸ்டர்?"

"ஆமா."

"அப்போ மலைக்குப் பின்னாடி கடல் இருக்கணும்ல? அந்தக் கடல்ல யாரு வலை போடுவாங்க? அது தெரியாம எப்படி வரைய?"

சிஸ்டர் திரும்பினார். போர்டைப் பார்த்தார். அதில் மலைக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. வேகுவேகென்று மடத்துக்குத் திரும்பி ஓடினார்.

"மதர், மலைக்குப் பின்னாடி இருக்கிற கடல்ல யாரு வலை போடுவாங்கன்னு கேக்கிறா. நான் என்ன சொல்ல?"



"எனக்கும் தெரியலையே அமலா. அவ சொன்னதும் எனக்கும் வந்து சொல்லு."

வாசலிலேயே நின்ற சிஸ்டருக்கு, விடை தெரியாத கேள்வி கைக்கு வந்துவிட்டது அப்போதுதான் உறைத்தது.

சின்னப் பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்கிறவர்களுக்காக இன்றைக்கு மாதாவிடம் ஓர் அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள்.