கண்ணை மூடச் சொன்ன நாரை

தாழங்குளத்தில் நெடுங்காலன் என்றொரு நாரை இருந்தது. இளவயதில் ஒரே ஒரு முறை காட்டுக்கு அப்பால் உள்ள ஏரிக்குப் போய் வந்தது. அந்த ஒரு பயணத்தை வைத்துக்கொண்டு அது அடித்த தம்பட்டம் கொஞ்சநஞ்சமல்ல!

"அங்கே நீர்நாய்ங்க விருந்து வைக்கிற அழகு இருக்கே, அடடா! விருந்தாளி கரையில உட்கார்ந்து கண்ணை மூடிக்கணும். அதுதான் அந்த ஊர் மரியாதை. திறந்து பார்த்தா வாய்கிட்ட மீன் துடிக்கும்!"

குளத்துப் பறவைகள் வாயைப் பிளந்து கேட்கும். நாரைக்குத் தலைகால் புரியாது. சொல்லச் சொல்ல அந்த மீனும் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போனது.

ஒரு கோடையில் குளம் வற்றிவிட்டது. நீர்க்கோழி ஒன்று குஞ்சுகளோடு நாரையிடம் ஓடி வந்தது.

"அண்ணே, பிள்ளைங்க பட்டினியில சாகுதுங்க. அந்த ஏரிக்குப் போனா பிழைச்சுக்குவோமா? இப்பவும் நீங்க சொன்ன மாதிரிதான் இருக்கா?"

"ஊர்ப் பழக்கம் எங்கேயாவது மாறுமா? நான் கண்ணால பார்த்தவன்! வா, நானே கூட்டிட்டுப் போறேன்!"

போய்ச் சேர்ந்தன. ஏரி பாதிக்கு மேல் சேறாகக் கிடந்தது. நாரைக்கு உள்ளூர உதறல்தான். ஆனால் இத்தனை நாள் பேசிய பேச்சு என்னாவது?

"ம்... உட்காருங்க. கண்ணை மூடுங்க!" என்றது.

தாயும் குஞ்சுகளும் கண்ணை மூடின. சேற்றிலிருந்து ஒரு நீர்நாய் பாய்ந்தது. கீச்சென்று ஒரு சத்தம். ஓரத்தில் இருந்த குஞ்சைக் காணோம்!

தாய் மற்ற குஞ்சுகளை விரட்டிக்கொண்டு புதருக்குள் ஓடியது.

"அடப்பாவிகளா! விருந்தாளியையா தின்னுவீங்க?" என்று நாரை அலறியது.

எலும்பும் தோலுமாகக் கரையில் கிடந்த ஒரு கிழ நீர்நாய் தலையைத் தூக்கியது.

"மீன் இருந்த காலத்துல வந்தவனா நீ? அப்ப நாங்களும் நல்லவங்களாத்தான் இருந்தோம். அதுக்கப்புறம் ஒரு தடவையாவது எட்டிப் பார்த்தியா?"

புதருக்குள்ளிருந்து தாயின் அழுகை கேட்டது.

"அந்தக் குஞ்சு கண்ணைத் திறந்துதான் வச்சிருந்துச்சு அண்ணே! நான்தான் அதட்டி மூட வச்சேன். நீங்க சொன்னீங்களேன்னு!"

ஊரும் மாறும், ஊராரும் மாறுவார்கள். மறுபடி போய்ப் பார்க்காமல் பழைய பயணத்தையே கதையாகச் சொல்லித் திரிபவர், தம்மை நம்பி வருபவரைப் பலி கொடுத்துவிடுவார்.